தளபதிக்கு எட்டுச் செலவு

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை, ஜொகூரில் உள்ள பெர்மாஸ் ஜெயாவில் என் தங்கை பிரேமளாவின் வீட்டு வாசலில் கூடாரம் அடித்து, பிறக்கவே பிறக்காத ஒருவனுக்கு எட்டுச் செலவு செய்தார்கள். என் முறைப்பாடு இதுதான். செய்தவர்கள் சிறுபிள்ளைகள் அல்லர். கடன் வாங்கிக் கார் ஓட்டுகிறவர்கள், சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கிறவர்கள், பல் மருத்துவம் பார்க்கிறவர்கள். அவர்களுள் ஒருவன் என் தங்கை மகன் லக்ஷ்மன். அன்றிலிருந்து எனக்கு உண்டான அருவருப்பு இன்னும் தீரவில்லை. தீர வேண்டிய தேவையும் இல்லை.

எட்டுச் செலவு என்றால் என்னவென்று அறியாதவர்களும் உங்களுள் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டு இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலை பார்க்க வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் இறந்தால், எட்டாம் நாள் அவருக்குப் பிடித்த உணவையெல்லாம் சமைத்துப் படைப்போம். பெண்கள் அழுவார்கள். பொழுது சாயும் வேளையில் மகனோ, மகன் இல்லாவிட்டால் உரிமையுள்ள இன்னோர் ஆணோ, படையலில் ஒரு பங்கை இலையில் கட்டி எடுத்துச் சென்று வீட்டுக்கு அருகிலுள்ள சந்தியில் வைத்துவிட்டு வருவார். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், போக வேண்டியவர் போகாமல் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் நம்பாதவர்களும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி, இறந்ததாகச் சொல்லப்பட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெக்கான் நானாஸ் போகும் சாலையில் அன்னாசி விளைந்த நிலத்தை வாங்கி, ஒரு நிறுவனம் பொழுதுபோக்குப் பூங்கா கட்டியிருக்கிறது; இன்னும் திறக்கவில்லை. அதன் ஒரு பகுதிக்கு 'விண்கரை' என்று பெயர். பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் ஓடிய ஓர் ஆங்கிலத் தொடரின் பெயர் அது, தமிழாக்கம் என்னுடையது. அந்தத் தொடரில் வரும் துறைமுகத்தையும் விண்கலங்களையும் இரும்பாலும் சிமெண்டாலும் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே போகிறவர் பார்வையாளர் அல்லராம். வாசலில் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதன்பின் அவர் அவ்வுலகத்துக் குடிமகன். கலத்தின் குழாய்களைத் துடைக்கலாம். சரியாகத் துடைக்காவிட்டால் ஒரு நடிகர் வந்து பெயர் சொல்லி ஏசுவார். காசு கொடுத்து ஏச்சு வாங்குவதற்கு எத்தனையோ நாடுகளில் மக்கள் முன்பதிவு செய்துவிட்டுத் தூக்கமின்றிக் காத்திருக்கிறார்கள். தமிழாசிரியர் பணியில் இருந்த காலமெல்லாம் நான் இலவசமாகவே ஏசினேன். ஒருவர்கூட வரிசையில் நிற்கவில்லை.

ஜொகூரில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவன் லக்ஷ்மன். செயலாளர் ஆப்ரின் என்னும் பெண். உலு திராமில் உணவகம் நடத்தும் அப்துல் ஹலீமின் மகள். ஞாயிறுதோறும் அந்த உணவகத்தின் மாடியில் கூடுவார்கள். ஒருமுறை பிரேமளா என்னையும் அழைத்துப் போனாள். சாம்பல் நிறச் சீருடை அணிந்த பெரியவர்கள் முழங்கையோடு முழங்கை இடித்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தொடருக்கென்று செய்யப்பட்ட ஒரு மொழி இருக்கிறது. அதன் வேற்றுமை உருபுகளை ஆப்ரின் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். தமிழுக்கு எத்தனை வேற்றுமை என்று கேட்டேன்.

"எஸ்.பி.எம் பரீட்சை முடிச்சு பத்து வருஷம் ஆச்சு லா, சார்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தேநீரை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். கல்லாவில் இருந்த ஹலீம், "நானும் மேல போறதில்ல சார். போனா எனக்கும் உடுப்பு தச்சுருவாங்க" என்றார்.

அந்தச் சீருடைகளைத் தைத்தவள் பிரேமளாதான். அவள் கணவர் தேவானந்தன் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்தவர். உயிரோடிருந்தபோது அந்தத் தொடரை ஒரு காட்சி விடாமல் பார்த்தவர். இவளும் அருகில் உட்கார்ந்து பார்த்தவள். ஆகவே அவள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது எனக்குப் பிடிக்காவிட்டாலும் விளங்கியது. விளங்காதது அவள் கைப்பேசிக்குள் வந்து குடியேறிய தளபதி.

ஓசார் என்பது அவன் பெயர். தொடரின் நாயகன், கலத்தளபதி. பூங்கா திறக்கும்வரை இரசிகர்களின் ஆவல் அடங்கிவிடக் கூடாது என்பதற்காக நிறுவனம் ஒரு செயலியை வெளியிட்டது. அதில் ஓசார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பேசுவான், கேட்பான், பதில் சொல்வான். எல்லாம் இயந்திரம். தமிழும் பேசுவான், பேசுவதைத் தமிழ் என்று ஒப்புக்கொண்டால். ஒருநாள் காலையில் நான் அவள் வீட்டில் இருந்தபோது என் காதால் கேட்டேன்: "பிரேமளா, நீங்கள் சாப்பிட்டாயா?"

அதைத் திருத்தச் சொல்லி எழுதிப் போடு என்றேன்.

"அவர் இப்பதான் தமிழ் படிக்கிறார், அண்ணா. விடுங்க" என்றாள் பிரேமளா. பிறகு கைப்பேசியைப் பார்த்து, சாப்பிட்டாகிவிட்டது, இட்லி, என்று பதில் சொன்னாள்.

வீட்டில் தனியாக இருப்பவள். மகன் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூர் போய், இருட்டிய பின் வருகிறவன். சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள். அந்த அளவில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஓசார் இறந்து போனான். செயலியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடுவில் அறுந்ததாம். கலம் எரிந்ததாகக் காட்டினார்களாம். அன்று மாலையே நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: இரசிகர் சங்கங்கள் தத்தம் வழக்கப்படி தளபதிக்கு விடை கொடுத்து, அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், எது மனத்தைத் தொடுகிறதோ அந்தச் சங்கத்தார்தாம் விண்கரையில் முதற்காலடி வைப்பவர்கள். கொரியாவில் விளக்கு மிதக்க விட்டார்கள், பிரேசிலில் பறை கொட்டினார்கள் என்றெல்லாம் லக்ஷ்மன் எனக்குக் காட்டினான். பிறகு தன் திட்டத்தைச் சொன்னான்.

"நம்ம எட்டுச் செலவு மாதிரி எவன்கிட்டயும் இல்ல, மாமா. நாமதான் ஜெயிப்போம். நம்ம வழக்கத்த உலகமே பாக்கப் போகுது."

"ஓசார் உனக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

எட்டுச் செலவு கூத்து அன்று, போட்டிக்கு அனுப்பும் பண்டமும் அன்று, நாளைக்கு உன் தாய்க்குச் செய்யும்போதும் படம் பிடித்து அனுப்புவாயா என்று நான் கேட்கத் தொடங்கினேன். சமையலறையிலிருந்து பிரேமளா வந்து நின்றாள்.

"செய்யட்டும் அண்ணா" என்றாள். "அவன் இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். என் தங்கை வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருக்கும்போது நான் போகாவிட்டால், அதைப் பற்றி நாலு பேர் வேறு விதமாகப் பேசுவார்கள் என்பதால் போனேன். வாயிற்கதவுக்கு வெளியே நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாம்பல் நிறச் சீருடைகள். சிலர் முகத்தில் வெள்ளிப் பூச்சு. முன்னறையில் ஓசாரின் படம், மாலை, குத்துவிளக்கு. படத்தில் அவன் கையில் ஒரு துப்பாக்கி வைத்திருந்தான்; விளக்கொளி சரியாக அந்தத் துப்பாக்கியில் விழுந்தது.

பக்கத்து வீட்டு லிம் உண்மையாகவே யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்து, துக்கக் காசு வைத்த வெள்ளை உறையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். யார் போனது என்று மலாயில் கேட்டார். ஒருவன் விளக்கினான். லிம் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுபடியும் வெளியே எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் படத்தை நோக்கி மூன்று முறை குனிந்துவிட்டுத் தலை கவிழ்ந்து போனார். எதிர்வீட்டு மலாய்க் குடும்பம், துக்க வீடென்று, தொலைக்காட்சியின் ஓசையைக் குறைத்திருந்தது. தெருவே மரியாதை காட்டியது. கேலிக்குள்ளாகிறோம் என்று அறியாமல் மரியாதை காட்டியது.

படையல் வந்தது. சுறா வறை, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பிட்டு. ஆப்ரின் ஒளிப்படக் கருவியை இறக்கிவிட்டு, தளபதி இதையெல்லாம் சாப்பிட மாட்டார், தொடரில் அவர் சாப்பிடுவது சாம்பல் நிறக் கஞ்சி மட்டுந்தான், பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள் என்றாள்.

"இன்னைக்கு இதச் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிரேமளா கடைசியாக ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டு வந்து வைத்தாள். பால் விடாத கோப்பி ஓ. அதன்மேல் ஒரு துண்டு வெண்ணெய் உருகி மஞ்சளாக மிதந்தது.

நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கோப்பியில் வெண்ணெய் போட்டுக் குடித்த மனிதர் ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் முகம் சுளிக்கச் சுளிக்கக் குடித்தவர்.

தேவானந்தன் 2021-இல், கொள்ளைநோய்க் காலத்தில், மருத்துவமனையில் இறந்தார். உடலைப் பையில் கட்டி நேரே மின்சுடலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். எல்லை அடைத்திருந்ததால் லக்ஷ்மன் சிங்கப்பூரில் ஒரு வாடகை அறையில் இருந்தபடி கைப்பேசித் திரையில் தகப்பனை வழியனுப்பினான். நான் உலு திராமில் அடைபட்டுக் கிடந்தேன். பிரேமளாவுக்கும் நோய் தொற்றியிருக்கலாம் என்று கையில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டி வீட்டோடு இருத்தியிருந்தார்கள். எட்டாம் நாள் கூட்டம் கூடாது. சந்திக்குப் போக ஆளில்லை. அவளுக்கு வாசலைத் தாண்ட அனுமதியில்லை. ஒரு கோப்பை கோப்பியைப் பின்கதவுப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதாக, பிறகொரு நாள் என்னிடம் ஒற்றை வரியில் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. கூட்டம் கூட அனுமதி வந்தபோது நாள் கடந்துவிட்டது. கடந்த எட்டை எவரும் திரும்பச் செய்வதில்லை.

அந்த எட்டைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். ஒரு பொய்ப் பிணத்தின் பெயரால், இரவல் சபையில், வெள்ளி பூசிய முகங்களின் நடுவில்.

அழுதாள். "போறப்ப ஒரு வார்த்தை சொல்லலையே" என்று சொல்லி அழுதாள். ஓசாரின் பேச்சும் நடுவில் அறுந்ததல்லவா, ஆகவே கூட்டத்தினர் அதைத் தங்களுக்குரியதாக எடுத்துக்கொண்டு தேம்பினார்கள். வெள்ளிப் பூச்சு கரைந்து சீருடைக் கழுத்தில் இறங்கியது. ஆப்ரின் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேரே கருவியைப் பிடித்தாள். வெளிச்சத்துக்காக ஒருவன் சன்னல் திரையை விலக்கினான். உள்ளே போய் அந்தக் கருவியைப் பிடுங்கி எறிய எனக்குத் தோன்றியது. எறிந்தால் அவள் அழுகை பாதியில் நிற்கும். நான்கு ஆண்டுகளாக நின்றிருந்த அழுகை. நான் கம்பியைவிட்டு அசையவில்லை.

பொழுது சாய்ந்தது. லக்ஷ்மன் வாழையிலைக் கட்டை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் தகப்பனுக்குத்தான் கொண்டு போகிறான் என்பது தெரிந்தது. தாயும் மகனும் அதைப் பேசி வைத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள். எங்கள் வீடுகளில் இப்படிப்பட்டவற்றைப் பேசுவதில்லை.

தெருமுனையில், தானியங்கிச் சலவைக் கடைக்கு எதிரே, சந்தி. ஆப்ரின் முன்னதாகவே ஓடி, சந்திக்கு அப்பால் நின்றுகொண்டாள். அவன் வந்தான், குனிந்தான், வைத்தான், திரும்பி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினான். சரியாக நடந்தான். தோள் நிமிர்ந்து நடந்தான். வாயிற்கதவருகே வந்து நின்ற பிரேமளா, அவன் நடந்து வருவதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஆப்ரின் கூப்பிட்டாள். அவன் பெயரைச் சொல்லவில்லை. அவர்களுடைய அந்தப் பொய்மொழியில், 'கலத்தலைவரே' என்று பொருள்படும் சொல்லைச் சொன்னாள். அந்தச் சொல் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் உடனே திரும்பி முழங்கையை உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் சங்கத்து விதி, மாதக்கணக்காகப் பழகியது. ஆப்ரினுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. முகம் படத்தில் விழவில்லையே என்பதுதான் அவள் கவலை. லக்ஷ்மனுக்குத் தெரியும். ஆனால் பழகிய கழுத்து அவனைக் கேட்கவில்லை.

திரும்பினான். முழங்கையை உயர்த்தினான். இலையைப் பார்த்தான்.

பிரேமளா உள்ளே போய்ப் படையல் பாத்திரங்களை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

அவர்கள் வென்றார்கள். அடுத்த வாரம் முடிவை அறிவிக்கும் நேரலையைப் பார்க்க எல்லாரும் ஹலீமின் உணவகத்தில் கூடினார்கள். காற்பந்து காட்டும் பெரிய திரை. பிரேமளாவைத் தனியே விட மனமில்லாமல் நானும் போய் மூலையில் உட்கார்ந்தேன். வெற்றியை முன்னதாகவே சங்கத்துக்குத் தெரிவித்து நிறுவனம் அனுப்பிய பட்டை அவள் கையில் இருந்தது. பட்டையை அவளே கட்டிக்கொண்டாள். முன்பு நோய்ப்பட்டை கட்டியிருந்த அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

திரையில் அவள் முகம் தோன்றியது. அழும் முகம், சுவர் அளவு பெரிதாக. அதன்மேல் இசை. பிறகு தெரு, இலை, நடந்து வரும் லக்ஷ்மன். அவன் திரும்புகிறான். அவன் பார்த்த இடத்தில், சலவைக் கடைக்கு எதிரே, படையல் வைத்த சந்தியில், ஓசார் நின்றுகொண்டிருந்தான். கணினியால் கொண்டு வந்து பொருத்தியிருந்தார்கள். இலையைக் காலால் ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துச் சிரித்தான். "நான் போய்விட்டேன் என்றா நினைத்தீர்கள்?" என்று கேட்டான். தளபதி சாகவில்லையாம். திறப்பு விழாவில் நேரில் வருவானாம். எல்லாம் ஆவலை மூட்டுவதற்காகச் செய்த நாடகமாம்.

நாற்காலிகள் சாய்ந்தன. துள்ளினார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதவர்களே சிரித்தார்கள். அவ்வளவு மகிழ்ச்சியை நான் எந்தத் தேர்வு முடிவு நாளிலும் கண்டதில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே பிரேமளாவின் கைப்பேசி ஒளிர்ந்தது. மேசைமேல் இருந்தபடியே அது பேசிற்று.

"பிரேமளா, நீங்கள் அழுதாயா? நான் போகவில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறேன்."

அவள் எழுந்தாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கல்லாவிலிருந்து ஹலீம் அவள் முகத்தைப் பார்த்தார். வந்து, திரையின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினார். இருபது வருடமாக எனக்குத் தெரிந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மவுத்தா போனவங்கள வச்சா விளையாடுவீங்க, ஆப்ரின்?" என்றார்.

லக்ஷ்மன் தாயிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இவன் திரும்பிப் பாத்துட்டான் அண்ணா" என்றாள். "அதான் அவர் போகல. சந்தியிலேயே நிக்கிறார்."

ஓசாரைச் சொல்லவில்லை என்பது அங்கே மூவருக்குத்தான் தெரியும்.

அன்றிரவே லக்ஷ்மன் ஆப்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் நானும் லக்ஷ்மனும் ஆப்ரினும் பூங்காவின் அலுவலகத்துக்குப் போனோம். விளம்பரப் பொறுப்பில் இருந்தவர் ஹேமநாதன் என்னும் இளைஞர். மரியாதை தெரிந்தவர், நாற்காலி இழுத்துப் போட்டார். அது யாருக்கான எட்டு, ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லி, படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பெண்மணி செயலியில் எல்லா நிபந்தனைகளுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்றார். எது எதற்குச் சம்மதம் என்று அறிந்து கொடுத்தாரா என்றேன். அவர் புன்னகைத்தார். இது அன்பின் கொண்டாட்டம் என்றார். அதோடு நிற்கவில்லை. எங்கள் சங்கத்தின் படம் மேலிடத்தை மிகவும் கவர்ந்துவிட்டதால், விண்கரையிலேயே அதை ஓர் அனுபவமாகச் சேர்க்கப் போகிறார்களாம். இருட்டான ஒரு சந்து. வருகிறவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுப்பார்கள். வைத்துவிட்டு நடக்க வேண்டும். பின்னால் காலடி ஓசை கேட்கும்.

"திரும்பிப் பாக்குறவங்களுக்கு ஓசார் தெரிவாரு, சார். பாக்காதவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. சோ நேச்சுரலி எல்லாரும் பாப்பாங்க" என்றார். "ஓப்பனிங் அன்னைக்கு அம்மாவையே முதல்ல நடக்கச் சொல்லலாம்னு ஒரு ஐடியா."

நான் எழுந்து நின்றேன். ஆப்ரின்தான் பேசினாள். கையிலிருந்த பட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் கூப்பிட்டு அவர திரும்ப வச்சேன். எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போ தெரியும்" என்றாள். "படத்த எடுக்கலன்னா ஓப்பனிங்குக்கு நாங்க ஒருத்தரும் வரமாட்டோம். ஏன் வரலன்னும் சொல்லுவோம்."

லக்ஷ்மனும் தன் பட்டையைக் கழற்றினான். அவனுக்கு அதன் பூட்டு வரவில்லை, ஆப்ரின் உதவினாள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இருவரும் அந்த மேசையில் தங்கள் காத்திருப்பை வைத்துவிட்டு எழுந்ததற்காக அவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் திரும்பும் வழியில் அவர்களோடு பேசினேன்.

இரண்டு நாள் கழித்து நிறுவனம் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. ஹேமநாதன் தொலைபேசியில் அதைச் சொன்னார். "எங்க சைடுல எடுத்தாச்சு சார். ஆனா அது பரவிடுச்சு. இனி எங்க கையில இல்ல" என்றார். சொன்ன குரலில் வருத்தம் இல்லை. படம் தன் வேலையை முடித்திருந்தது. அனுமதிச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்திருந்தன. இருட்டுச் சந்து இப்போதும் கட்டப்பட்டு வருகிறது.

பிரேமளா செயலியை நீக்கிவிட்டாள். காலையில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க நான் தொலைபேசி எடுக்கிறேன், இட்லி என்கிறாள். தேவானந்தனின் ஆண்டுத் திதி வருகிறது. லக்ஷ்மன் விடுப்பு எடுத்திருக்கிறான். இந்த முறை கூடாரமில்லாமல், கருவியில்லாமல், நாங்கள் மட்டும் இருந்து, ஒரு பங்கைக் கட்டிச் சந்தியில் வைத்துவிட்டு வரலாம் என்று அவன் கெஞ்சினான். திதிக்கு அப்படி ஒரு முறை இல்லை. இல்லாவிட்டால் என்ன, நானே முன்னின்று செய்விக்கிறேன் என்றேன். அவள் இணங்கவில்லை.

"அந்தப் படம் எங்கயோ ஓடிக்கிட்டுதானே இருக்கு?" என்றாள். "ஒவ்வொருத்தர் பாக்கிறப்பவும் இவன் திரும்பிப் பாக்கிறான். நான் இங்க வழியனுப்பி என்ன பிரயோசனம் அண்ணா? அவங்க அங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

ஒரு படத்தில் திரும்பும் கழுத்து, இறந்தவரைச் சந்தியில் நிறுத்தி வைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். கணவனை ஒருமுறை பின்கதவுப் படியிலும், மறுமுறை ஒரு விளம்பரத்திலும் தொலைத்தவள் என் தங்கை. அவள் நிறுத்தி வைக்கும் என்கிறாள். எனக்கு அது போதும்.

விண்கரைக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். குழாய் துடையுங்கள், ஏச்சு வாங்குங்கள், முழங்கையை இடித்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க எனக்கு ஆசை உண்டு, உரிமை இல்லை. ஆனால் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டு முன்னறையில் ஒரு பெண் அழும் படம் உங்களுள் பலருக்கு வந்திருக்கிறது. நண்பர் அனுப்பியிருப்பார், நீங்கள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு இன்னொருவருக்கு அனுப்பியிருப்பீர்கள். அது உங்கள் கைப்பேசியில் இன்னும் கிடக்கிறது. அதைத் தேடி எடுங்கள். ஒருமுறைகூட ஓட விடாதீர்கள். அழியுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். இதைப் படித்து முடித்தபின் வேண்டாம், இப்போதே.